இறக்கிக் கட்டிய கம்பி

ஜனவரி 9

கொட்டகலையில் கலியாண வீடு. ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கி, ஏற்றி, மழையில் நனையாமல் ஹட்டனுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. சவுண்ட் வாடகைக் கடை வைத்திருப்பவளுக்கு எந்தக் கலியாணமும் விருந்து இல்லை.

இன்று மேடையில் மதுரனுடைய குழு. என் வீட்டுக்காரர் எட்டு வருடம் கிட்டார் வாசித்த குழு. இவர் நிற்கும் இடத்தில் திலக்ஷன் என்று ஒரு புதுப் பையன். நன்றாகத்தான் வாசிக்கிறான். அதுதான் எரிச்சல்.

வீட்டுக்கு வந்ததும் "மைக் இரையாம இருந்துச்சா?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கிட்டார் அலமாரிக்கு மேலே பையோடு கிடக்கிறது. நவம்பரில் தேயிலை ஃபெக்டரி ரோலர் இவருடைய இடது கையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் எடுத்துக்கொண்டது. கம்பியை அழுத்துகிற கை.

ஜனவரி 14

பொங்கல். பால் பொங்கியது. இவர் வெளியே வரவில்லை.

ஜனவரி 22

"வித்துடு ராணி. பாக்கப் பாக்க வயிறு எரியுது" என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. தூசி படியும் பொருளை வைத்துக்கொண்டிருப்பவள் இல்லை நான். பஸ்ஸ்டாண்டில் தலைக்கிளிப் விற்று வந்தவள்.

மர்சூக் நானாவின் இசைக்கருவிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கதை சொன்னார். இங்கிலாந்தில் ஆலையில் வேலை செய்த ஒரு பையன். வேலையை விடுகிற கடைசி நாளில் மெசினில் விரல் நுனிகள் போயின. அவன் வாசிப்பை விடவில்லை. விரலுக்குத் தொப்பி செய்து போட்டுக்கொண்டான். அழுத்த நோகாமலிருக்கக் கம்பியைத் தளர்த்திக் கட்டினான். சுருதி இறங்கிற்று. இறங்கிய சத்தம் மலை புரள்கிற மாதிரி இருந்ததாம். இன்றைக்கு உலகம் முழுக்க அந்தக் கனத்த சத்தத்துப் பாட்டுக்காரர்கள் கம்பியை இறக்கித்தான் கட்டுகிறார்களாம்.

"கம்பிய எறக்கிக் கட்டச் சொல்லுங்க தங்கச்சி. அப்பவும் வேணான்னா எடுத்துக்கிட்டு வாங்க."

மலிவாக வருகிற பொருளை ஒரு கடைக்காரன் வேண்டாம் என்கிறானா? வீடு வரும்வரை அதையே யோசித்தேன்.

ஜனவரி 23

வியாபாரி சொன்ன கதையை இன்னொரு வியாபாரி அப்படியே வாங்கக் கூடாது. போனில் தேடிப் பார்த்தேன். உண்மைதான். ஆனால் முழுக்கவும் நானா சொன்ன மாதிரி இல்லை. அந்த ஆளுக்கு முன்னாலும் கம்பியை இறக்கி வாசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் நோவுக்காக இறக்கவில்லை, சத்தத்துக்காகவே இறக்கினார்கள். இவன் ஒருவன்தான் நோவுக்காகத் தொடங்கியிருக்கிறான். எனக்கு அந்த ஒருவன் போதும்.

பெப்ரவரி 1

புத்திசாலித்தனமாக ஒரு மடத்தனம் செய்தேன். தடித்தது நீடிக்கும் என்று, கடையில் இருந்ததிலேயே தடித்த கம்பியாகப் பார்த்து வாங்கி வந்தேன். வயர், கயிறு, தார்ப்பாய் எல்லாவற்றையும் அப்படித்தானே வாங்குகிறோம். நானாவின் கதையைச் சொன்னதும் இவர் மாட்டினார். ஆறின விரல் நுனியை வைத்து அழுத்தியதும் முகம் கோணியது. கையை உதறிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பிறகு படித்துப் பார்த்தால் அந்த ஆள் மெல்லிய கம்பிதான் போட்டிருக்கிறான். முதலில் படித்திருக்கக் கூடாதா?

பெப்ரவரி 16

தோட்டத்திலிருந்து இவருடைய தங்கச்சி தனுஷிகா வந்தாள். கொழுந்து எடுக்கிறவள். விரல் வெடிக்காமலிருக்க சைக்கிள் டியூப்பை வெட்டி விரலில் மாட்டுவாள். அதில் இரண்டைக் கழற்றி அண்ணன் விரலில் அவளே மாட்டிவிட்டாள். மெல்லிய கம்பி, நன்றாகத் தளர்த்தி. அழுத்த முடிந்தது. ஆனால் ரப்பர் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது, வழுக்கிப் போகமாட்டேன் என்கிறது.

"என்னண்ணே இது, கெணத்துக்குள்ள எரும கத்துற மாதிரி இருக்கு" என்றாள்.

இவர் சிரித்தார். நவம்பருக்குப் பிறகு இப்போதுதான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நின்றால் அழுதுவிடுவேன்.

மார்ச் 8

மதுரனின் ஒத்திகைக்குப் போய் வந்தார். நானும் போனேன். கீபோர்டை இவருடைய சுருதிக்கு ஒரு பட்டனில் இறக்கிவிட்டார்கள். தொண்டைக்குப் பட்டன் இல்லையே. பாடுகிற சுலக்ஷனா இரண்டு வரி முயன்று பார்த்து, "அண்ணே, இவ்வளவு கீழ என்னால எறங்க முடியாதுண்ணே" என்றாள். அவள்மேல் குற்றம் இல்லை.

மதுரன் மரியாதையாகத்தான் சொன்னான். கலியாண வீட்டில் சனங்கள் ஆட வேண்டும், இந்தச் சத்தம் பயங்காட்டுகிறது, அண்ணன் மிக்ஸரைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. நானும் ஆட்களுக்கு இப்படித்தான் தன்மையாக "இல்லை" என்று சொல்லியிருக்கிறேன். வாங்கிக்கொள்ளும்போதுதான் அதன் எடை தெரிகிறது.

வீட்டு வாசலில், "நாளைக்கே நானாகிட்ட கொண்டுபோய்க் குடு" என்றார்.

மார்ச் 9

கொடுக்கவில்லை. கடை பூட்டு என்று பொய் சொன்னேன்.

ஏப்ரல் 6

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் பேச சின்னராசா அண்ணன் வந்தார். தப்புக் குழுவுக்கு அவர்தான் தலை. உள்ளே இவர் கதவைச் சாத்திக்கொண்டு கிட்டாரைத் தட்டிக்கொண்டிருந்தார். விற்கப்போகிற பொருளாம், ஆனால் தினமும் தட்டல்.

சின்னராசா அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்தார். "இது நம்ம தப்பு பனியில நனைஞ்சா வர்ற சத்தமில்ல?" என்றார். தோல் ஈரம் குடித்தால் தொய்ந்து சத்தம் கீழே போய்விடும். அப்போதெல்லாம் ஊர்வலத்தை நிறுத்தி நெருப்பில் காட்டுவார்கள். "அந்த எறங்குன சத்தத்துக்கு நீங்க கூட இருந்தா ஏன் நிறுத்தணும்? எங்களோட வாங்க தம்பி" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

கிழிந்த தப்புத் தோலில் ஒரு துண்டு கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். ரப்பருக்கு மேலே அதை ஒட்டினால் வழுக்குமாம்.

அவர் போனபிறகு இவர் வெடித்தார். "மேடையில நின்னவன் நான். தப்படிக்கிறவங்களோட ரோட்டுல நின்னா பேண்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க?"

எனக்கும் அலுத்துவிட்டது. "எந்த மேடைங்க? ஒங்கள மிக்ஸருக்குப் பின்னால நிக்கச் சொன்னாங்களே, அந்த மேடையா? அந்த மனுசன் ஒங்க சத்தத்த வேணும்னு கேட்டு வந்திருக்காரு. ஒங்க ஆளுங்க கேட்டாங்களா?"

சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நான் சாப்பிட்டேன். யாராவது ஒருவர் நாளைக்கு வேலை பார்க்க வேண்டுமே.

ஏப்ரல் 13

தோல் துண்டு வந்தது. மேசையில் வைத்தேன். மாலையில் காணவில்லை. கேட்கவில்லை.

ஏப்ரல் 27

திருவிழா. லயத்து வீடுகளிலிருந்து கோயிலுக்குக் கரகம் இறங்கும்போதே மூடுபனி. என் அம்ப்ளிஃபையரை வேனில் ஏற்றி, பொலித்தீன் போர்த்தி, தண்ணீர் போகுமோ என்று அதன்மேலேயே கண். சாமியைச் சரியாகக் கும்பிடக்கூட இல்லை.

இவர் வேனுக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். தலையில் தொப்பி, விரலில் தோல் தொப்பி. முதலில் தப்போடு சேராமல் தனியாக எதையோ வாசித்துக்கொண்டிருந்தார். தூறல் பிடித்ததும் தப்புகளின் சத்தம் இறங்க ஆரம்பித்தது. குழுவில் ஒருவன் நெருப்புக்கு வைக்கோல் தேடிப் போனான். சின்னராசா அண்ணன் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். இவர் குனிந்து கிட்டார்ச் சாவிகளைத் திருகி, இருந்ததற்கும் கீழே கம்பியை இறக்கினார். பிறகு ஒரே அடி.

வேன் தகரம் அதிர்ந்தது. என் நெஞ்சிலும் அந்த அதிர்வு. முன்னால் ஆடிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஆட்டம் மெதுவாயிற்று. மெதுவாகி, பலத்தது. நெருப்புக்காக யாரும் நிற்கவில்லை.

திரும்பும்போது வேனில் தூங்கிவிட்டார். ஒரு பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறது. நாளைக்குப் பிரித்துக் காய வைக்க வேண்டும்.

மே 15

மதுரன் போன். திலக்ஷனுக்குக் காய்ச்சல், ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் கலியாணம், அண்ணன் பழைய சுருதியில் நாலு பாட்டாவது சமாளிப்பாரா என்றான். போனை இவரிடம் கொடுத்தேன்.

"இல்ல மதுரன், ஞாயித்துக்கெழம சின்னராசாண்ணே கூட பொகவந்தலாவ போறேன். சாவு வீடு. கம்பிய இப்ப ஏத்த முடியாது." கோபம் எதுவும் இல்லாமல்தான் சொன்னார்.

அந்தக் கலியாணத்துக்கு சவுண்ட் என்னுடையதுதான். தனியாகத்தான் ஏற்றி இறக்க வேண்டும். இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

மழைக்கோட்டுகளை வைக்க இடமில்லாமல் இருந்தது. அலமாரிக்கு மேலே, கிட்டார் கிடந்த இடத்தில் வைத்துவிட்டேன்.