காலி வீடு என்றார்கள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

இங்கே பழைய குடியிருப்பை இடித்து, வீடும் கடையும் மரங்களும் சேர்ந்த புதுநகர் கட்டுகிறார்கள். இடிக்கும் இயந்திரத்தை நான்தான் ஓட்டுகிறேன். முந்தாநாள் ஒரு சுவரைத் தட்டியதும் ஜன்னலில் ஒரு கை அசைந்தது. சட்டென்று நிறுத்தினேன். காய்ச்சலில் படுத்திருந்த ஒருவரை எல்லோரும் மறந்திருக்கிறார்கள்.

“காலின்னு சொன்னீங்களே!” என்று மேஸ்திரியிடம் கத்தினேன்.

“அதான் ஒண்ணும் ஆகலையே, விடுப்பா.”

படுத்திருந்தவருக்குக் கீறல்கூட இல்லை, கவலைப்படாதீர்கள். நேற்று அறை அறையாகப் போய், “யாராவது இருக்கீங்களா?” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அப்படியும் லீவரைத் தொடுமுன் இறங்கிப் போய் இன்னொரு முறை கூப்பிட்டேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நான் போன் செய்தால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள் அப்பா. மணி அடித்துக்கொண்டே இருந்தால் பயமாக இருக்கிறது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்