எண்ணெய் பூசிய குடுவை

இன்று காலை தரகர் ஒருவர் வலையபட்டியிலிருந்து கோடு செதுக்கின கட் கிளாஸ் கண்ணாடிக் குடுவை ஒன்று கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் தேங்காய் எண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் காரணம் புரியவில்லை. நீ இருந்திருந்தால் உனக்குப் புரிந்திருக்கும். இந்தத் தில்லுமுல்லை நம் கடையில் முதலில் செய்தவன் நான்தானே!

காரைக்குடியில் நாம் பழம்பொருள் கடை வைத்த புதிதில் மரமும் பித்தளையும் நான் பார்ப்பேன். கண்ணாடிச் சாமான் உன்னிடம்தான் வரும். விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டுவாய். கண்ணுக்குத் தெரியாத உடைசலும் நகத்தில் தட்டும். செதுக்கின கோடுகளைத் தடவி, கூர் மழுங்கியிருக்கிறதா என்று பார்ப்பாய். கடைசியில் கழுவி, மின்விசிறிக்கு அடியில் வைப்பாய். நான் பறப்பேன். "காயட்டும். என்ன அவசரம் ஒங்களுக்கு?" என்பாய்.

அப்படிக் காய்ந்தபோதுதான் ஒரு ஜோடிக் குடுவையில் ஒன்றின் உள்ளே வெண்புகை தெரிந்தது. பல வருடம் தண்ணீர் நின்று கண்ணாடியையே அரித்த புகை. தேய்த்தாலும் போகாது, ஈரம் பட்டால் மட்டும் மறைந்துகொள்ளும். கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஓட்டலாக்கிக்கொண்டிருந்தவர் மறுநாள் வருவதாக இருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் ஓட்டலுக்கான சாமான் முழுக்க நம் கடையில்தான் என்று கனவு கண்டேன். நீ அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து உள்ளே எண்ணெய் பூசினேன். புகை போன இடம் தெரியவில்லை.

அவர் வந்தார், பார்த்ததுமே அவருக்கு அந்த ஜோடி பிடித்துப்போயிற்று. காபி கொண்டுவந்த நீ குடுவையைக் கையில் எடுத்தாய். "இதுல எண்ணெய் பூசியிருக்குங்க. தொடச்சா உள்ள புகை தெரியும். அது போகாது. இன்னொண்ணு சுத்தம்" என்றாய். பூசியது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் ஒன்றும் வாங்காமல் போனார். அன்று நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். "இம்புட்டு யோக்கியமா இருந்தா கடை எதுக்கு?" என்று கத்தினேன். "விக்கத்தான். வாங்குனவுக திரும்ப வரவேணாமா?" என்றாய்.

ஒரு மாதம் கழித்து அவரே வந்தார். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா இருக்காகளா?" என்றார். வேறு கடைகளில் பார்த்து வைத்திருந்த இரண்டு பெட்டிக் கண்ணாடிச் சாமானை, வாங்கலாமா என்று உன்னிடம் கேட்கத் தூக்கி வந்திருந்தார்! நீ நகத்தை ஓட்ட ஆரம்பித்தாய். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அன்று எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. வீம்பில் உன்னிடம் சொல்லவில்லை; இப்போது சொல்கிறேன்.

போன வாரம் மதுரையிலிருந்து வந்த ஒரு பெண் கண்ணாடிப் பழக்கிண்ணம் ஒன்று பிடித்துப்போய்க் கையில் எடுத்தாள். அவள் விரலைப் பிடித்து விளிம்பில் வைத்து, உடைசல் இருக்கும் இடத்தைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். "குறையை நீங்களே காட்டுறீங்களே சார், இது உங்க கடைதானா?"

"எங்க வீட்டம்மா கடை" என்றேன். "நான் பாத்துக்கிறேன்."