நான் செத்திருந்த முப்பத்தொரு நாட்கள்

லூயிஷாம்
2.3.2024

அன்பு மருமகள் தக்ஷிகாவுக்கு,

லூயிஷாம் சிவன் சாட்சியாக, உலகில் ஒருவரும் நம்பாத கதையொன்றை இத்தால் உனக்கு எழுதுகிறேன். மருந்துக்கடையில் குளிசை எண்ணுவதை நிறுத்திவிட்டு வாசி.

உன் பள்ளிக்கூட உதைபந்து மட்ச் பார்க்க வந்து என்னோடும் கதைத்தாரே, இத்தாலிக்கார கோச் ரென்சோ பல்தேரி, அவர் தன் ஊருக்கே திரும்புகிறாராம். சாதாரண மனிதரா? பதினான்கு வருடம் நடுக்களத்தை ஆண்டவர். அவர் தட்டிய பந்து போய்ச் சேர்ந்தவனிடம் சுகம் விசாரித்துவிட்டுத்தான் நிற்கும். அவர் தலையாட்டாமல் நடுவர் விசில் ஊதமாட்டார். அவருடைய முழங்கால் முறிந்த அன்று மூன்று மாகாணங்களில் அடுப்பு எரியவில்லை. அதன்பிறகுதான் லண்டன் வந்து, சேற்றில் நின்று பெண்பிள்ளைகளுக்குப் பந்து பழக்கினார்.

நேற்றுச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னைக் கண்டு மனிதர் வெளுத்துப்போனார். ஏனென்றால், அவரைப் பொறுத்தவரை நான் எட்டு வருடங்களுக்கு முன்பே செத்துவிட்டேன்.

உன் மாமா,
அமரர் பாலேந்திரா


விம்பிள்டன்
9.3.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். சிரிப்பு வரவில்லை.

அவர் அன்றைக்கு வீட்டுப் போன் நம்பரை எழுதிக்கொண்டு, கழக அணித் தேர்வுக்குக் கூப்பிடுவேன் என்று சொன்னவர். கூப்பிடவில்லை. நான் காணாது, என் ஆட்டம் போதாது என்று நினைத்து, பூட்ஸை தருமத்துக்கு விற்கிற சரிட்டிக் கடையில் கொடுத்தேன். பிறகு பந்தைத் தொடவே இல்லை. இது உங்களுக்குத் தெரியும்.

அந்த வருடம் உங்களைச் சாகடித்தது யார்? பகிடி விடாமல் எழுதுங்கோ.

தக்ஷிகா


லூயிஷாம்
13.3.2024

தக்ஷிகா,

நான்தான்.

அவர் கூப்பிட்டார். என் அக்கா, உன் அம்மா, வேலை ஷிப்டில், நீ நடன வகுப்பில். உங்கள் வீட்டுப் போனை எடுத்தவன் நான். தேர்வு ஏப்ரல் பதினாறு என்றார். அன்றைக்குத்தான் உன் அரங்கேற்றம். மண்டபம் எடுத்து, அழைப்பிதழும் அடித்தாயிற்று. அதில் 'வரவேற்புரை: பாலேந்திரா' என்று தங்க எழுத்து. நாற்பது நிமிடப் பேச்சைப் பாடமாக்கி வைத்திருந்தேன். உன்னிடம் சொன்னால் நீ பந்துக்குத்தான் போவாய் என்று எனக்குத் தெரியும்.

"நான் பக்கத்து வீட்டுக்காரன். இங்கே சாவு வீடு. முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு, பிள்ளை வீட்டைவிட்டு வெளிக்கிடேலாது" என்றேன். யார் செத்தது என்று கேட்டார். வாயில் வந்த பெயர் என்னுடையது. மாமன் செத்தால் மருமகளுக்கு அவ்வளவு துடக்கே கிடையாது. என் சாவையும் நான் கூட்டித்தான் சொன்னேன்.

அந்த மனிதர் நாள் எண்ணிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். முப்பத்திரண்டாம் நாள் மறுபடி போன் அடித்தது. எடுத்தவன் நான். அவருடைய குரல். செத்தவன் எப்படி ஹலோ சொல்வது? வைத்துவிட்டேன். வீட்டாருக்கு விருப்பமில்லை என்று நினைத்து அவரும் விட்டுவிட்டார்.

சந்தையில் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். வரும் சனி அவருடைய கழகத்தில் பிரியாவிடை. நீ வந்தால் சந்தோஷம் என்றார். நீ போவதென்றால் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நடுவர், மாகாணங்கள், அடுப்பு, எல்லாம் என் புளுகு. அவர் சின்னக் கழகங்களில் ஆடி, முழங்கால் போனதால் கோச் ஆனவர்.

ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. அவர் வெளுத்துப்போனார். ஆனால் என்னைக் கண்டதற்கு இல்லை. நான் உயிரோடு நிற்பதைக் கண்டு அவர் சிரித்துக் கட்டிப்பிடித்தவர். பிறகு, "பிள்ளை இப்ப எங்க விளையாடுது?" என்று கேட்டார். அந்த வருடத்தோடு பந்தையே விட்டுவிட்டாள் என்றேன். அப்போதுதான் வெளுத்தார்.

மாமா