மூக்குக்குத் தெரியாத கருகல்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? உன் முதுகுவலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

திங்கட்கிழமை ஆட்டோமேட்டிக் கார் ஒன்று பட்டறைக்கு வந்தது. மூன்றாம் கியருக்கு மாறும்போது வழுக்கியது. கியர் ஆயிலைத் தொட்டு முகர்ந்தேன். கருகல் வாசம் இல்லை. "ஆயில் மாத்தினாப் போதும்" என்று சொல்லிவிட்டேன்.

போர்மேன் பக்கத்தில் வந்தார். "ஏம்ப்பா, கருகின நாத்தம் வாசல் வரைக்கும் அடிக்குது. உன் மூக்கை எங்க அடகு வச்ச?"

கியர்பாக்ஸைப் பிரித்தால், உள்ளே கிளட்ச் தட்டுகள் கரியாகிக் கிடந்தன. அத்தனையும் மாற்றி மூன்று நாளில் பூட்டிவிட்டேன். இப்போது கியர் மாறுவதே தெரியவில்லை.

போன மாதம் உன்னிடம் ஜலதோஷம் என்று சொன்னேனே, அது கடும் காய்ச்சல். மூக்கு அதோடு போய்விட்டது என்று இந்தக் காரால்தான் எனக்கே தெரிந்தது. "வந்தாலும் வரும், நாளாகும்" என்கிறார் டாக்டர். நீ இதற்காக அழாதே.

போர்மேனின் தம்பி ஊரிலிருந்து வருகிறார். அவரிடம் இரண்டு பனியன் கொடுத்தனுப்பு. பட்டறைக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், எழுந்தாக வேண்டும்.

பாப்பாவின் சட்டை ஒன்றும் வை. எப்போதும்போலத் துவைக்காமலே வை. மூக்கு திரும்புகிற அன்றைக்கு அது என் கையில் இருக்க வேண்டும்.

பாப்பாவின் அப்பா