நாற்பத்தேழு ஆலாக்கள்

நல்லமுனைத் தீவு, பறவைக் கணக்கெடுப்பு நிலையம்
பதிவாளர்: சுயம்புலிங்கம், கருவாட்டு மொத்த வியாபாரி. இப்போது அரசு ஒப்பந்தக்காரர்.

ஜூன் 11, காலை 6.10
ஒலிவாங்கிகள் எட்டும் ஓடுகின்றன. உள்ளான் 212, கடற்காகம் 38. தேசியப் பட்டியலுக்கு அனுப்பியாயிற்று. பறவைக் காய்ச்சல் வந்தபின் சட்டம் இதுதான்: பட்டியலில் இல்லாத எந்த உயிரையும் ட்ரோன் சுட்டுவிடும்.

காலை 7.45
வடக்கு மணலில் புது ஆலாக்கள். கறுப்பு உடல், சிவப்புக் கால். போன மாதப் புயல் தள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டும். முட்டையிட்டு அடைகாக்கின்றன. பட்டியலில் இந்த இனமே இல்லை. ட்ரோன் வருவது மதியம் ஒன்றுக்கு.

காலை 9.20
மைய அலுவலகத்து ஜெனோவாவுக்குப் படம் அனுப்பினேன். புது இனமாக ஏற்றிவிட்டாள். எண்ணிக்கை கேட்டாள். நாற்பது என்றேன்.

இருந்தது நாற்பத்தேழு. சரக்கு இருப்பை முழுதாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நாளைக்கு நாலு செத்து எண்ணிக்கை குறைந்தால் ஒப்பந்தம் போய்விடும் என்று ஏழு பறவையைக் கணக்கில் காட்டாமல் கையில் வைத்துக்கொண்டேன்.

காலை 10.05
ட்ரோன் எண்ணிக்கையையும் சரிபார்க்குமாம். கூடுதலாக இருப்பது அந்நியம், சுட்டுவிடும். ஜெனோவாவிடம் திருத்தச் சொன்னேன்.
"ஏத்துன எண்ணிக்கை பூட்டிட்டு அண்ணாச்சி. இனி நாளைக்குத்தான் திறக்கும். கருவாட்டுக்குச் சொல்லுத மாதிரியே இங்கயும் சொல்லிட்டியளா?"
பெட்டி தேடப் போனேன்.

பகல் 12.15
ஆறு பறவைகளைப் பிடித்து, மீன் கொண்டுபோகும் தெர்மக்கோல் பெட்டிகளில் அடைத்துவிட்டேன். உடல் சூடு வெளியே தெரியாது. அடியில் மூச்சுத் துளை போட்டிருக்கிறேன். அவற்றின் முட்டைகளை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தேன். பிழைக்குமா, தெரியாது.

பகல் 12.40
ஏழாவதைத் தூக்க முடியாது. அதன் முட்டை விரிசல் விட்டுவிட்டது. இந்த வெயிலில் தாய் எழுந்தால் குஞ்சு வெந்துபோகும். நான் பக்கத்தில் நின்றாலும் எழுந்துவிடும்.
என் கையில் கட்டியிருந்த பணியாளர் அடையாளப் பட்டையைக் கழற்றிக் கூட்டோரம் வைத்தேன். பட்டை இருக்கும் இடத்தில் ட்ரோன் சுடாது. நான் அறைக்குள் இருந்துகொள்ளலாம். அறைக்குள் அது பார்க்காது என்பது என் நினைப்பு.

பகல் 1.04
வந்துவிட்டது. மணலை எண்ணிவிட்டு அனுப்பிய தகவல்:
"ஆலா 40. சரி. கூட்டில் பணியாளர் ஒருவர், நலம். அறையில் பட்டியலில் இல்லாத உயிர் ஒன்று."

1.06
ஜெனோவா: "அண்ணாச்சி, பட்டைய எடுத்துக் கட்டுங்க. ஓடுங்க."
ஜன்னல் வழியே பார்த்தேன். முட்டை ஓட்டிலிருந்து குஞ்சின் தலை வெளியே வந்திருக்கிறது. நனைந்த பஞ்சு மாதிரி. தாய் அசையவில்லை.
போனால் எழுந்துவிடும்.

1.07
ஜெனோவா என்னைப் புது இனமாக ஏற்றப் பார்க்கிறாள். படிவம் அலகு நீளம் கேட்கிறதாம். ஏதாவது போடு என்றேன். அழுகிறாள். எண்ணிக்கை கேட்டாள்.
ஒன்று. இந்த முறை சரியாகத்தான் சொல்கிறேன், ஒன்

1.08
"நல்லமுனைத் தீவு. கூடுதல் உயிர் நீக்கம்: 1. மீதம்: 0. பட்டியல் புதுப்பிக்கப்பட்டது."