தவளை பிடிக்க விடாத வயல்

திருத்துறைப்பூண்டி,
28.12.1984

துபாயில் இருக்கும் தம்பி மீரா உசேனுக்கு, உங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழும் வைரக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். சம்பாப் பயிர் என்னைவிடச் சுகம்.

தை அறுப்போடு நிலத்தை விட்டுவிட வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மருந்து அடிப்பதில்லை, தவளை பிடிப்பவர்களை விரட்டுகிறேன், வயல் காடாகக் கிடக்கிறது என்று உங்கள் காரியஸ்தர் தியாகேசன் எழுதியிருப்பார். முதல் இரண்டும் உண்மை. காடு என்பது பொய். வரப்பில் புல் இருக்கிறது, அவ்வளவுதான்.

தவளைக் காலை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள் அல்லவா? ஐப்பசி மழையில் ஊரெல்லாம் சாக்குச் சாக்காகப் பிடித்தார்கள். தியாகேசன் தன் வயலையும் அவர்களுக்குத் திறந்துவிட்டார். நான் மட்டும் கழியோடு வரப்பில் நின்றேன். “பெரியவரே, தவளைக்கும் குத்தகைப் பதிவு பண்ணிட்டீங்களா?” என்று அவர் கேட்டார். “தாலுகா ஆபீசுல மனு குடுத்திருக்கேன்” என்றேன்.

கார்த்திகையில் புகையான் வந்தது. பயிரின் அடித்தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. தியாகேசன் இரண்டு முறை மருந்து அடித்தார். அதில் முதலில் செத்தது பூச்சியைத் தின்னும் சிலந்தி. தவளையோ ஏற்கெனவே கப்பல் ஏறிவிட்டது. தின்ன ஆளில்லாத பூச்சி பெருகி, பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்தது.

என் வயலுக்கும் அதே பூச்சிதான் வந்தது. சிலந்தி பிடித்தது போக மிச்சத்தைத் தவளை பார்த்துக்கொண்டது. தவளையைத் தேடிச் சாரைப்பாம்பு வந்து எலியையும் தின்றது. நூலகப் புத்தகத்தில் உணவுச் சங்கிலி என்று போட்டிருக்கிறார்கள். சங்கிலி இல்லை தம்பி, வலை. ஓரிடத்தில் அறுத்தால் எங்கே பிரியும் என்று தெரியாது. போன வருஷம் பயத்தில் ஒரு சாரையை அடித்தேன். அந்தப் போகம் மேல்மடைப் பக்கத்துப் பயிரை எலி வெட்டித் தள்ளியது. இதை என் மனைவி ராஜாத்தியிடம்கூடச் சொல்லவில்லை.

நேற்று தியாகேசன் காலிச் சாக்கோடு வந்தார். “ரெண்டு சாக்குத் தவளை குடுங்க பெரியவரே, நம்ம வயல்ல விட்டுக்கிறேன்” என்றார். சிரிப்புத் தாங்காமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். “மருந்தை நிறுத்துங்க, அதுங்களே தாவி வந்துரும். நான் என்ன வேலியா போட்டிருக்கேன்?” என்றேன். அவரும் சிரித்தபடி சாக்கை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தம்பி, குத்தகைப் பதிவில் என் பெயர் இருக்கிறது. விவசாயச் சங்கத்துக்காரர்கள் கொடி நட்டு வழக்குப் போடலாம் என்கிறார்கள். வேண்டாம் என்றேன். உங்கள் அத்தா வாய்ச்சொல்லில் கொடுத்த நிலத்துக்காக உங்களோடு கோர்ட்டில் நிற்க மாட்டேன். விட்டுப் போகவும் மாட்டேன்.

தை இருபதில் அறுப்பு. அதற்குள் லீவு போட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் கமருன்னிஸாவும் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும், அவர்களையும் அழைத்து வாருங்கள். கதிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் ‘விடு’ என்று தோன்றினால் என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அடுத்த போக விதைக்கென்று ஒரு துண்டில் வேற்று ரகக் கலப்பைக் களைந்து, தனியாக அறுக்கச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
அடுத்த சம்பாவுக்கும் உங்கள் வயலில் இருக்கப்போகும்
வைரக்கண்ணு