நோர்மானின் இடது கண்

கியூபெக், பிப்ரவரி 12

அன்பு மகள் சொலேனுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையின்றி இருக்கிறோம், அங்கே விக்டோரியாவில் நீயும் இருமல் விட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பனி நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை, காலையிலிருந்து மூன்று முறை வாசற்படியில் பனி வாரிவிட்டேன், வாரியதற்கு அடையாளமே இல்லை. அப்பா பட்டாணி சூப்பை ஊற்றி வைத்துவிட்டு, ஒரு இடத்துல உக்காந்து குடிச்சாத்தான் என்னவாம் என்கிறார். எப்படி உட்காருவது, ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள், போட வைத்தவள் நான்தான்.

பத்தொன்பது வருடமாக என்னோடு லேசர் மேசையைப் பார்த்துக்கொள்ளும் நோர்மானை உனக்குத் தெரியுமே. போன வாரம் செவ்வாய்க்கிழமை கதிரை நேர்படுத்தும்போது பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிளந்தால் அதில் இரண்டு மூன்று துண்டுதான் ஒரு துடிப்பு, ஆனால் ஏதோ திருகாணியில் பட்டுத் திரும்பி இடது கண்ணுக்குள் போய்விட்டது. உள்ளே டப்பென்று கேட்டதாம். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதலில் சொன்னது, யாருகிட்டயும் சொல்லாதீங்க மேடம், ஏப்ரல் வரைக்கும் லேப்ப மூடிடுவாங்க என்பதுதான். ஏன் கழற்றினீர்கள் என்று கத்தினேன். நீங்க கழட்டுறீங்களே, இத்தன வருசமா பாக்குறேனே என்றார், கோபமே இல்லாமல்.

சொலேன், உனக்கும் நான் சொன்னதில்லை. உனக்கு நாலு வயதாக இருந்தபோது என் வலது கண்ணிலும் அதே சத்தம் கேட்டது. அந்தக் கண்ணால் மட்டும் படித்தால் நடுவில் ஓர் எழுத்து காணாமல் போகும். பிறவிக் கோளாறு என்று உங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன், அப்போதுதான் எனக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் கிடைத்திருந்தது, இழக்க மனம் வரவில்லை. அதற்குப் பிறகும் கழற்றினேன், இன்னொரு கண் இருக்கிறதே என்ற திமிர். வாங்கிய பரிசெல்லாம் அந்தப் பொய்யோடு வாங்கியதுதான்.

நோர்மானைக் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு, நேரே பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் இரண்டு பேர் கண்ணையும் பற்றி எழுதிக் கொடுத்தேன். அவருக்குத் தழும்பு விழித்திரையின் ஓரமாக இருக்கிறது, வாசிக்கலாம், வண்டியும் ஓட்டலாம் என்றார் மருத்துவர். வியாழக்கிழமை நான் விசாரணைக் குழுவின் முன் நிற்கவேண்டும், ஆய்வுக்கூடத் தலைமையிலிருந்து என்னை எடுத்தாலும் எடுப்பார்கள். நோர்மான் ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. நேற்று வந்தார், கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று, குழு என்ன வேணா சொல்லட்டும், லேப் திறக்கற அன்னிக்கு வாசல்ல நான்தான் நிப்பேன், கண்ணாடி போடாம யாரையும் உள்ள விடமாட்டேன், முதல்ல உங்கள என்றார். நான் சரி என்று மட்டும் சொன்னேன்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும். இதைப் படித்துக் கோபம் வந்தால் அதையும் எழுது, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொன்னேனே, தள்ளிப்போடாதே.

உன் அம்மா,
ஓடில்